நேலப்பட்டும் பழவேற்காடும்: பறவைகள் காட்டும் நீர்க்கணக்கு

ஒரு வட்டாரத்தின் நீர்நிலையை அறிய விரும்பும் அலுவலர் மழைமானிக் குறிப்பைப் பார்க்கிறார். ஏரிகளில் நீர் கலங்கலைத் தொட்டதா என்று கேட்கிறார். கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கச் சொல்கிறார். அந்த ஏரிக்கு எந்தப் பறவை வந்தது, எப்போது வந்தது, கூடு கட்டியதா, கட்டிய கூட்டைக் கைவிட்டதா என்று கேட்பவர் அரிது. பறவை பார்த்தல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம். ஆனால், ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், திருப்பதி மாவட்டக் கடலோரத்தில், ஐப்பசித் திங்களில் ஒரு நாளைச் செலவிடுபவருக்குப் பறவைகளின் வருகை நீரையும் நிலத்தையும் உழைப்பையும் பற்றிய ஒரு கணக்கேடாகவே தோன்றும். அந்தக் கணக்கை எவ்வாறு படிப்பது என்பதும், எவ்வாறு தவறாகப் படித்துவிடக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆறுகளும் ஏரியும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுள்ள இந்நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. நீர் பெருகும் காலத்தில் இதன் பரப்பு 450 சதுர கி.மீ. அளவுக்கு விரிகிறது, வடியும் காலத்தில் 250 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இத்துணை ஆழம் குறைந்த ஏரியில் ஒரு சாண் நீர் கூடுவதும் குறைவதும் பல சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்குவதாகவும் வெளிப்படுவதாகவும் ஆகிவிடுகிறது.

ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஒரு மதில்போல் கிடக்கிறது. கடல்நீர் சில முகத்துவாரங்களின் வழியாக மட்டுமே உள்ளே வரமுடியும். நன்னீர் மேற்கிலிருந்து வருகிறது. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறக்கும் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, தமிழ்நாட்டிற்குள் புகுந்து, ஏரியின் தென்பகுதியை அடைகிறது. காளங்கியாறு சூளூர்ப்பேட்டையை ஒட்டி வந்து கலக்கிறது. திருப்பதியையும் திருக்காளத்தியையும் தொட்டுவரும் பொன்முகலி, அதாவது சொர்ணமுகி ஆறு, ஏரியின் வடபுறத்தில் கடலைச் சேர்கிறது. ஆகவே சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரு வாய்க்கால் தூர்க்கப்பட்டாலும் ஓர் அணை கட்டப்பட்டாலும் அதன் விளைவு, மலையே கண்ணுக்குத் தெரியாத இந்த உப்பளச் சமவெளியில் தென்படும். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மலையும் கடலும் ஒரே ஆட்சியரின் பொறுப்பில் வந்தது, நீர்க்கணக்கைப் பொறுத்தவரை ஒரு நல்வாய்ப்பு என்றே கொள்ளவேண்டும்.

இப்பகுதியின் பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. 2021 நவம்பரில் திருப்பதி நகரின் தெருக்களில் வெள்ளம் ஓடியது. பொன்முகலி கரை மீறியது. வேறு சில ஆண்டுகளிலோ ஐப்பசி முழுவதும் ஆற்றில் மணலே தெரியும். வலசைப் பறவைகளும் உள்நாட்டு நீர்ப்பறவைகளும் இங்கே வந்து சேர்வது இந்த நிச்சயமற்ற மூன்று மாதங்களின் தொடக்கத்திலாகும்.

காலை: நேலப்பட்டு

விடியுமுன் திருப்பதியிலிருந்து புறப்படும் ஒருவர் ரேணிகுண்டா, திருக்காளத்தி வழியாக நாயுடுப்பேட்டையை அடைந்து, அங்கே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால், வெயில் ஏறுமுன் நேலப்பட்டை அடைந்துவிடலாம். நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய சிற்றூர் அது. ஏரிக்கரையில் ஏறி நின்றதும் முதலில் புலப்படுவது பறவை அன்று, மரம். நீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் ஒரு தோப்பாகவே காணப்படுகின்றன. வேர் அழுகாமல் பல மாதங்கள் நீரில் நிற்கவல்ல மரங்கள் நம் நாட்டில் சில வகைகளே உண்டு. நீர்க்கடம்பு அவற்றுள் ஒன்று. வேடந்தாங்கலிலும் பறவைகள் கூடு கட்டுவது பெரிதும் இம்மரத்தின்மீதே.

நேலப்பட்டு 1976-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 459 ஹெக்டேர். அதில் நீர்க்கடம்புக் காடு ஏறத்தாழ 83 ஹெக்டேர் மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி உலர்ந்த பசுமைமாறாப் புதர்க்காடு. இச்சிறு தோப்புதான் சாம்பல் கூழைக்கடாவின் இனப்பெருக்கத்துக்குப் பெயர்பெற்ற இடங்களில் ஒன்றாகும். அப்பறவை உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. கூழைக்கடாவுடன் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, சிறிய நீர்க்காகம் ஆகியவையும் இங்கே கூடு கட்டுகின்றன.

ஐப்பசியில் காண்பது தொடக்கக் காட்சி. கூழைக்கடாக்கள் மரமுடிகளில் இடம்பிடிப்பதும், அலகில் சுள்ளியோடு வந்து இறங்குவதும், அயல் பறவையை விரட்டுவதுமாகத் தோப்பு முழுவதும் ஓயாத சந்தடி. நான்கு முதல் ஆறு கிலோ எடையுள்ள ஒரு பறவை, விரலளவுக் கிளையின்மீது இறங்கித் தடுமாறி நிலைபெறுவதைக் கண்டால் எவருக்கும் சிரிப்பு வரும். அதே பறவை வானில் எழுந்தபின், சிறகசைக்காமல் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து கிழக்கு நோக்கி மிதந்து செல்வதைக் கண்டால் சிரித்ததற்கு நாணம் உண்டாகும்.

மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி அந்தக் கிழக்கு நோக்கிய பயணத்தில்தான் இருக்கிறது. கூழைக்கடா நேலப்பட்டில் கூடு கட்டுகிறது. ஆனால் இரைக்காகப் பழவேற்காடு ஏரிக்கும் சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் செல்கிறது. கூட்டுக்குத் தேவை நன்னீர் சூழ்ந்த மரம். இரைக்குத் தேவை மீன் நிறைந்த நீர்ப்பரப்பு. இவை இரண்டும் வெவ்வேறு இடங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

இனிக் காலக் கணக்கைப் பார்ப்போம். நவம்பர் நடுவில் முட்டையிட்டால் அடைகாக்க ஏறத்தாழ 30 நாட்கள். குஞ்சு பறந்து செல்ல மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். அதாவது, நவம்பரில் தொடங்கிய குடும்பம் மார்ச் இறுதிவரை ஏரியில் நீர் நிற்கும் என்று நம்பியே கூடு கட்டுகிறது. இடையில் நீர் வற்றி மரத்தடி வெளிப்பட்டால் கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. நரியும் நாயும் மரத்தடிக்கு வந்துவிடும். பறவைகள் கூட்டைக் கைவிடவும் கூடும். இப்பகுதிச் சிற்றேரிகளின் ஆயக்கட்டு நெல்லுக்கு மதகு திறக்கவேண்டிய மாதங்களும் இவையே. ஏரிநீரைப் பறவைக்கு விடுவதா, பயிருக்கு விடுவதா என்ற கேள்வி மழை பொய்த்த ஆண்டில் தை மாதத்தில் எழும்போது, அதற்கு விடைகூற வனத்துறையின் விதிப்புத்தகம் மட்டும் போதாது.

இக்கேள்விக்கு உழவர்கள் நெடுங்காலமாக ஒரு விடை வைத்திருந்தனர் என்பது சுட்டத்தக்கது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும். வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று, விளைச்சலும் காரணம். கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரில் கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டுப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. நேலப்பட்டை அடுத்துள்ள வெதுருப்பட்டிலும் நாரைகள் ஊர் மரங்களை நாடி வருவதுண்டு. அரசு வேலி போடுமுன்பே, ஊர்மக்களின் நலனும் பறவையின் நலனும் ஒரே மரத்தில் கூடியிருந்தன. வேதியுரம் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் அந்தப் பிணைப்பு தளர்ந்தது இயல்பே. அதற்கு ஈடாக என்ன கொடுக்கப்படுகிறது என்பதே இன்றைய கேள்வி.

பிணைப்பு அறுந்தால் நேர்வதற்கும் ஆந்திரத்திலேயே சான்று உண்டு. 1946-இல் கே.கே. நீலகண்டன் மேற்குக் கோதாவரி மாவட்டத்து ஆரேடு என்னும் சிற்றூரில் மிகப்பெரிய கூழைக்கடாக் குடியிருப்பு ஒன்றைக் கண்டறிந்தார். கொல்லேறு ஏரியின் மீன்வளத்தை நம்பி வாழ்ந்த அக்குடியிருப்பு பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது. நேலப்பட்டின் சிறப்பு ஒரு பகுதி அந்த இழப்பின்மேல் நிற்பது.

நண்பகல்: ஸ்ரீஹரிகோட்டாச் சாலை

நேலப்பட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் சூளூர்ப்பேட்டை. அங்கிருந்து கிழக்கே ஏரியின் குறுக்காகச் செல்லும் சாலை ஸ்ரீஹரிகோட்டாவில் முடிகிறது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது. பின்னர் அத்தளம் நாட்டின் விண்வெளி வாயிலாக வளர்ந்தது. தளத்துக்காகப் போடப்பட்ட சாலை பறவை பார்ப்போருக்கும் நல்வரமாயிற்று. வண்டியிலிருந்து இறங்கி நின்றால் இருபுறமும் ஏரி. நடுவழியில் உள்ள அட்டகானித்திப்பாவில் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்திவிட்டால் வேறெங்கும் நகரவேண்டியதில்லை.

வரமாக வந்தது ஒரு தடையும் ஆயிற்று. மேட்டுச்சாலை ஏரியை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்தது. பாலங்களின் கண்களின் வழியே நீர் ஓடினாலும், தடையற்ற பரப்பில் ஓடுவதற்கு அது ஈடாகாது. முகத்துவாரங்கள் மணலால் அடைபடும் ஆண்டுகளில் வடபகுதி விரைவில் வற்றி, வெடித்த சேற்று நிலமாகிவிடுகிறது. சாலை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சாலை திட்டமிடப்படும்போது கண்வாய்களின் எண்ணிக்கையைப் போக்குவரத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்யலாகாது என்பதற்கு இது பாடமாக நிற்கிறது.

ஐப்பசி நண்பகலில் இங்கே காண்பவை பல. பவளக்கால் உள்ளான் சிவந்த நெடுங்கால்களோடு ஓரத்தில் நடக்கும். உள்ளான் வகைகள் சேற்றில் ஊசி குத்துவதுபோல் அலகைச் செலுத்தும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் ஆட்டி நீரைத் துழாவும். ஊசிவால் வாத்துகள் அப்போதுதான் வடக்கேயிருந்து வரத்தொடங்கியிருக்கும். சைபீரியா முதல் இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் மத்திய ஆசியப் பறப்புவழியின் ஒரு தங்குமிடமாக இந்த ஏரி விளங்குகிறது.

எல்லாருடைய கண்ணும் தேடுவது பூநாரையை. தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரியும். தொலைநோக்கியில் அக்கோடு கால்களும் கழுத்துகளுமாகப் பிரியும். பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, காலால் சேற்றைக் கலக்கி, சல்லடைபோன்ற அலகின் விளிம்பால் நுண்ணுயிர்களையும் சிறு உயிர்களையும் வடித்து உண்கிறது. இறகின் நிறம் அவ்வுணவில் உள்ள நிறப்பொருளால் வருவது. இந்தியாவில் இப்பறவை பெருந்திரளாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பாலைச்சதுப்பில். 1945-இல் சாலிம் அலி அங்கே சென்று அதனை ஆராய்ந்தார். பழவேற்காட்டுக்கு அது இரைக்காகவே வருகிறது. குளிர்காலத்தில் சூளூர்ப்பேட்டையில் அரசு நடத்தும் திருவிழாவுக்கும் பூநாரையின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இரு பறவைகள், இரு கணக்குகள்

பறவைகள் மிகுந்தால் ஏரி நலமாயிருக்கிறது என்று கருதுவது எளிது. அறிக்கைகளிலும் அவ்வாறே எழுதப்படுகிறது. பழவேற்காட்டைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. சில ஆண்டுகளில் பாதிகூட இல்லை.

பூநாரைக்கு வேண்டியது முழங்கால் அளவுக்கும் குறைந்த, உப்பேறிய, தட்டையான நீர். முகத்துவாரம் தூர்ந்து, நன்னீரும் வராமல், ஏரி ஆவியாகிச் சுருங்கும்போது அத்தகைய நீர் ஓரளவுவரை அதிகரிக்கும். அந்த ஆண்டில் சாலையோரத்தில் பூநாரைகள் திரளாக நிற்கலாம், பார்வையாளர் மகிழலாம், அதே நாளில் மீனவரின் வலையில் இறாலும் மடவையும் விழாமல் போகலாம். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்பவை. முகத்துவாரம் அடைபட்டால் அந்த வரத்து நின்றுவிடுகிறது. மணல் அகற்றி முகத்துவாரங்களைத் திறந்துவைக்கவேண்டும் என்பது இரு மாநில மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை.

கூழைக்கடாவின் கணக்கு இதற்கு மாறானது. அதற்கு மீன் வேண்டும். மீனுக்கு ஆழமும், கடலோடு தொடர்பும், நன்னீர் வரத்தும் வேண்டும். ஆகவே மீனவரின் வரவு செலவோடு ஒத்துப்போவது பூநாரையின் எண்ணிக்கையைவிட, நேலப்பட்டில் மார்ச் வரை நிலைத்த கூடுகளின் எண்ணிக்கையே எனலாம். ஏரியின் நிலையை ஒரே பறவையைக் கொண்டு அளக்க முயல்வது, நாட்டின் பொருளாதாரத்தை ஏற்றுமதி ஒன்றைக் கொண்டு மட்டும் அளப்பதற்கு ஒப்பாகும். பூநாரை வேண்டாதது என்பதன்று இதன் பொருள். முழு ஏரியும் உப்புச் சேறாக வறண்டால் பூநாரையும் போய்விடும். ஆழமும் மேடும், உவரும் நன்னீரும் ஒருங்கே இருக்கும் ஏரியில்தான் இரண்டும் வாழும்.

மீனவர் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு நுட்பமானது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் பாடு என்னும் முறை நெடுங்காலமாக உள்ளது. வலை கட்டத்தக்க நல்ல இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அதன் அடிப்படை. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை எளிய இடம். பொதுச் சொத்து எவருக்கும் உரியதன்று, ஆகவே எல்லாராலும் சுரண்டப்பட்டு அழியும் என்ற கருத்தை 1968-இல் காரெட் ஹார்டின் வெளியிட்டார். பயன்படுத்துவோரே விதி வகுத்துப் பொதுச் சொத்தைக் காத்துவர இயலும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பாடு முறை ஆஸ்ட்ரம் பக்கத்துச் சான்று. எனினும் அதில் குறையில்லை என்று கூறமுடியாது. பாடு உரிமை சில ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. பின்னர் மீன்பிடிக்க வந்த பிற சமூகத்தார் வெளியே நிறுத்தப்பட்டனர். நீர் சுருங்கும் ஆண்டுகளில் அந்த வேறுபாடு பூசலாகிறது. ஆந்திர, தமிழக மீனவர்களுக்கிடையே எல்லைச் சச்சரவுகள் எழுவதும் ஏரி வற்றும்போது கூர்மையடைகிறது. நீரில் கோடு கிழிக்க முடியாது. கிழித்தாலும் மீன் அதை மதிப்பதில்லை.

எல்லைக்கு வெளியே உள்ள நிலம்

சட்டத்தின் பார்வையில் காப்பு உறுதியானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்து, பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதி 1976-இலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. ஆக, கூடு கட்டும் தோப்பும் காப்பில் உள்ளது, இரை தேடும் ஏரியும் காப்பில் உள்ளது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலமும், அந்நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களும், வழியிலுள்ள சிற்றேரிகளும் எந்தச் சரணாலயத்திலும் சேரவில்லை. அவை பாசனத்துறையிடமும், பஞ்சாயத்திடமும், தனியாரிடமும் சிதறிக்கிடக்கின்றன.

1990-களில் இக்கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியபோது இந்த இடைவெளியின் பொருள் விளங்கிற்று. நெல்வயல்கள் இறால் குட்டைகளாயின. உப்புநீர் உள்நாட்டுக்குள் ஏற்றப்பட்டது. கழிவுநீர் ஓடைகளில் விடப்பட்டது. அயல்நாட்டுச் செலாவணி ஈட்டியது உண்மை. அந்த ஈட்டத்தின் ஒரு பங்குச் செலவை, பண்ணையில் பங்கில்லாத உழவரும் மீனவரும் ஏற்றனர் என்பதும் உண்மை. பொருளாதாரம் பயிலும் மாணவர் இதனைப் புறவிளைவுச் செலவு என்ற தலைப்பில் படிப்பர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று அத்தீர்ப்பு கூறியதோடு, நேலப்பட்டு, வெதுருப்பட்டுப் பறவையிடங்களையும் அக்காப்பில் சேர்த்தது. தலைநகரில் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பில் இவ்விரு சிற்றூர்களின் பெயர் இடம்பெற்றது அரிய செய்தி. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, பண்ணைகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் முறை ஏற்பட்டது.

ஆயிரம் மீட்டர் என்பது அளக்கக்கூடிய கோடு; அது வேண்டியதுதான். ஆனால் கூழைக்கடா இரைக்குச் செல்லும் தொலைவு அதனினும் பன்மடங்கு. நீர் வரும் தொலைவோ திருப்பதி மலைவரை நீள்வது. கோட்டுக்கு அப்பால் உள்ளவற்றைச் சட்டம் காக்காது. துறைகள் கலந்துபேசி எடுக்கும் முடிவுதான் காக்கும். நேலப்பட்டு ஏரியின் வரத்துக்கால் தூர்வாரப்பட்டதா என்பதும், ஐப்பசியில் பறவை வருமுன் வாரப்பட்டதா, தையில் வாரப்பட்டதா என்பதும் ஒரு மண்டல அலுவலகத்தின் பணிப்பட்டியலில் முடிவாகின்றன. சிறு தொகைதான், சரியான மாதத்தில் செலவிடப்படாவிட்டால் ஓராண்டுக் குஞ்சுகள் இல்லாமல் போகும்.

எண்ணும் முறை

பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபட விரும்பும் மாணவர் சில வழக்கங்களைக் கைக்கொள்வது நன்று. பெருந்திரளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பார்வையில் எவ்வளவு இடம் கொள்கின்றன என்று மனத்தில் பதித்து, அந்த அளவைத் திரள் முழுவதும் வைத்துப் பார்க்கவேண்டும். திரள் மிகப் பெரிதானால் ஐம்பது, நூறு என அளவைக் கூட்டலாம். இருவர் தனித்தனியே எண்ணி, பின்பு ஒப்பிடுவது சிறந்தது. எண்கள் மிகவும் வேறுபட்டால் இருவரும் மீண்டும் எண்ணவேண்டுமேயன்றிச் சராசரி எடுத்துவிட்டுப் போகலாகாது. கூடுகளை எண்ணும்போது கரையிலிருந்தோ காட்சிக் கோபுரத்திலிருந்தோ எண்ணவேண்டும். தோப்புக்குள் படகில் நுழைந்தால் பெரிய பறவைகள் எழுந்துவிடும். அந்நேரத்தில் காகம் முட்டையைக் கொத்திவிடும்.

ஒரு நாளின் எண் எதையும் நிறுவாது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. அதே இடத்தில், அதே பருவத்தில், பல்லாண்டுகள் எடுத்த எண்ணே பேசும். ஜனவரிக் கணக்கு வலசைப் பறவைகளுக்கு மிகப் பொருத்தமானது. நேலப்பட்டுக்கு அது மட்டும் போதாது. கூழைக்கடா வந்த வாரம், முதல் கூடு, மார்ச் இறுதியில் எஞ்சிய கூடுகள் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றோடு ஏரியின் நீர்மட்டம், மதகு திறந்த நாள், முகத்துவாரத்தின் நிலை ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதிவைத்தால், பறவை ஏட்டையும் பாசன ஏட்டையும் வெவ்வேறு அலுவலகங்களில் தேடவேண்டியிராது. இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. இரண்டு பத்திகள் கூட்டினால் போதும்.

மாலை

நான்கு மணிக்குமேல் அட்டகானித்திப்பாவில் காற்று திரும்புகிறது. பூநாரைகள் நகர்ந்து நகர்ந்து ஆழம் குறைந்த மூலையில் ஒடுங்குகின்றன. கட்டுமரமும் தோணியும் கரை சேர்கின்றன. கூடையில் நண்டும் சிறு மடவையும் இருக்கும், நல்ல நாளானால் இறாலும் இருக்கும். அந்நேரத்தில் தலைக்குமேலே பார்த்தால், பத்தும் பதினைந்துமாகக் கூழைக்கடாக்கள் வடமேற்கே செல்வதைக் காணலாம். தொண்டைப்பை நிறைந்ததா, வெறுமையா என்று கீழிருந்து கூற முடியாது. ஆனால் சூளூர்ப்பேட்டையில் தேநீர் அருந்திவிட்டு, இருட்டுமுன் நேலப்பட்டுக் கரையில் மீண்டும் ஏறி நிற்பவர், காலையில் எண்ணிய அதே மரத்தில் எத்தனை பறவைகள் திரும்பி அமர்ந்தன என்று எண்ணலாம். காலை எண்ணும் மாலை எண்ணும், அவற்றுக்குக் கீழே மதகுக் கல்லில் நீர் நின்ற உயரமும் குறிப்பேட்டில் ஏறியபின் திருப்பதிக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்கப் போதிய நேரம் இருக்கும்.